ஆத்துப்பாலத்திலிருந்து நொய்யலுக்கு

வெள்ளி, இரவு

என் தாய்மாமா சென்னிமலைக்குத் தெற்கே, நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையை ஒட்டிய ஊரில் இருக்கிறார். ஆடி பிறந்து மேற்கே மழை பிடித்துவிட்டால் அவரிடமிருந்து போன் வரும். நலம் விசாரிக்க இல்லை. "மாப்ள, கோயமுத்தூர்ல நல்ல மழைங்களா? உங்கூர் நொரை எங்கூர்ப் பாலத்துக்கு வந்து சேந்துருச்சுங்க." அவ்வளவுதான், வைத்துவிடுவார். திட்டுகிறாரா, தகவல் சொல்கிறாரா என்று இத்தனை வருடமாக எனக்குப் பிடிபடவில்லை.

எனக்குக் கோவையில் வீடு சுந்தராபுரம், கடை உக்கடத்தில். ஆத்துப்பாலத்தைத் தினம் இரண்டு தடவை தாண்டியாக வேண்டும். முன்பு நெரிசலில் நிற்கும்போது கீழே நொய்யல் ஓடுவதை மூக்கு சொல்லிவிடும். 2024 ஆகஸ்டில் மேம்பாலம் திறந்தார்கள். இப்போது சிக்னலும் இல்லை, நாற்றமும் இல்லை, ஆறும் இல்லை. மேலேயே பறந்துவிடுகிறோம்.

நேற்று மாமா போன் வந்தது. வைத்தபிறகு பங்காளியைக் கூப்பிட்டேன். "சனி, ஞாயிறு சும்மாதானே இருக்கற? ஆத்தோடவே போயி, அது காவேரில சேர்ற எடம் வரைக்கும் பாத்துட்டு வந்தர்லாம்." அவனிடம் புல்லட் இருக்கிறது. ஊட்டி, வால்பாறை என்று ஏதாவது மலையைச் சொன்னால்தான் அவனுக்குப் பயணம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சோறு எங்க?" என்றான். மாமா வீட்டில் என்றதும் ஒத்துக்கொண்டான்.

என்னுடையது 125 சிசி வண்டி. செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றுப் பிடித்து வைத்திருக்கிறேன். ஸ்பேர் ட்யூப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னாள் வீட்டுக்காரி. எதற்கு, ஊர் ஊருக்குப் பஞ்சர் கடை இருக்கிறது என்றேன்.

சனி

4.45-க்குக் கிளம்பினோம். கிழக்கே போக வேண்டிய பயணத்தை மேற்கே பார்த்துத் தொடங்கினோம். ஆற்றின் தலையைப் பார்க்காமல் வாலைப் பார்த்து என்ன பயன்? பேரூர் தாண்டியதும் எதிர்காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காத்து, கூடவே சாரலையும் எடுத்து வந்து முகத்தில் அடித்தது. மாதம்பட்டி வருவதற்குள் சட்டை முன்பக்கம் மட்டும் நனைந்துவிட்டது, முதுகு காய்ந்தபடியே இருந்தது.

ஆலாந்துறையில் டீ. இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை. பாக்குத் தோப்புகள், வாழை, ரோட்டோரத்தில் சின்ன வெங்காயப் பட்டறைகள். இதற்கு மேல் போளுவாம்பட்டி வனச்சரகம். டீக்கடைக்காரர் எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு, "செத்த நேரம் இருந்து, வெளிச்சம் வந்து போங்க. ராத்திரி வாழைக்குள்ள யானை எறங்கியிருக்குது" என்றார். இரண்டாவது டீயும் குடித்தோம். அந்த நேரத்தில் யானை சொன்ன நேரம்தான் நேரம்.

வெள்ளியங்கிரி மலைப்பக்கமிருந்து இறங்கும் பெரியாறும் சின்னாறும் கூடுதுறையில் சேர்ந்த பிறகுதான் இதற்கு நொய்யல் என்று பெயர். முழங்கால் வரை இறங்கி நின்றேன். அடியில் கிடக்கிற கூழாங்கல் ஒவ்வொன்றும் என்ன நிறம் என்று தெரிந்தது. குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தேன். பங்காளி சிரித்தான். மூக்கு ஒன்றுமே சொல்லவில்லை. ஆத்துப்பாலத்துக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்குத் தெரியாது, அவன் சரவணம்பட்டி.

திரும்பும் வழியில் சித்திரைச்சாவடி அணைக்கட்டில் கொஞ்சம் நின்றோம். அணை என்று சொன்னால் மேட்டூரை நினைக்கக் கூடாது. ஆற்றின் குறுக்கே ஒரு தாழ்ந்த கட்டு, அவ்வளவுதான். நொய்யல் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மழை பெய்த நாலு நாளைக்குத் துள்ளிக்கொண்டு வரும், பிறகு மணல்தான். அந்த நாலு நாள் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் இப்படிக் கட்டுக்கட்டாகப் போட்டு, வாய்க்கால் வெட்டி, குளங்களை நிரப்பியிருக்கிறார்கள். இங்கே பிரிகிற வாய்க்கால் கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளம் என்று ஊருக்குள் போகிறது. ஒரு குளம் நிறைந்தால் மிச்சம் அடுத்ததற்கு. உக்கடம் பெரியகுளத்தின் நடைபாதையில் இன்று செல்ஃபி எடுக்கிறவர்களுக்கு, அந்தத் தண்ணீர் எந்த வழியாக அங்கே வரவேண்டியது என்று யாராவது ஒரு பலகை எழுதி வைக்கலாம்.

பேரூரில் பட்டீசுவரரை வெளியிலிருந்தே கும்பிட்டுக்கொண்டு படித்துறைக்குப் போனோம். நொய்யலுக்கு இங்கே காஞ்சி நதி என்று பழைய பெயர். நாலைந்து குடும்பங்கள் திதி கொடுத்துக்கொண்டிருந்தன. என் அப்பாவின் அஸ்தியையும் இங்கேதான் கரைத்தோம். அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் இல்லாமல், குழாயைத் திறந்துவிட்டுத்தான் காரியம் செய்தோம்.

ஊருக்குள் ஆற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆத்துப்பாலத்தில் மேம்பாலத்தில் ஏறாமல் கீழே போனோம். தெரிந்ததுதான். வெள்ளலூர்ப் பக்கம் வந்தபோது பங்காளி துண்டை எடுத்து மூக்கில் கட்டினான். ரோமானியர் நாணயங்கள் புதையலாகக் கிடைத்த ஊர் வெள்ளலூர். ரோம் வரை தெரிந்த ஊர் இன்றைக்குக் கோவைக்காரனுக்கு மாநகராட்சிக் குப்பைக்கிடங்கு என்றால்தான் தெரிகிறது.

சூலூரில் ஒரு சின்ன மெஸ்ஸில் சந்தவை, தேங்காய்ப்பால். எட்டு சாப்பிட்டேன் என்று பங்காளி சொல்கிறான், ஆறுதான்.

சூலூரிலிருந்து காத்து முதுகுக்கு வந்துவிட்டது. அம்மியே பறக்கிற காத்தில் 125 சிசி பறக்காதா? புல்லட்டை இரண்டு தடவை முந்தினேன். சோமனூரில் வேகத்தைக் குறைத்தபோதுதான் தறிச்சத்தம் கேட்டது. வீட்டுக்கு வீடு விசைத்தறி. ஒரு சந்தின் சத்தம் அடங்குவதற்குள் அடுத்த சந்தின் சத்தம் பிடித்துக்கொள்ளும். சாமளாபுரம், மங்கலம், பிறகு திருப்பூர்.

திருப்பூரில் ஆற்றோரமாகப் போனால் கட்டடங்களின் முதுகுதான் தெரிகிறது. எல்லாக் கடைக்கும் முகம் ரோட்டைப் பார்த்து, முதுகு நொய்யலைப் பார்த்து. 1932 ஜனவரி 10-ஆம் தேதி கொடியோடு ஊர்வலம் போன குமரன் அடிபட்டு விழுந்தது இந்த ஆற்றங்கரை ஊரில்தான். மறுநாள் உயிர் போனது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் அவருக்கு நினைவகம் இருக்கிறது. பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தோம். இப்போது பார்த்தால் சாக்கடை நிறம்தான். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் ஒரு காலம்.

அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒருவர் கிடைத்தார். அதற்கு முன் என் பின்சக்கரம் பஞ்சர் ஆக வேண்டியிருந்தது. கிழக்கே போகிற சின்ன ரோட்டில் வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. வேலிக்காத்தான் முள். ஒரு கிலோமீட்டர் தள்ளினேன். பங்காளி புல்லட்டை முதல் கியரில் உருட்டிக்கொண்டு கூடவே வந்தான், உதவிக்கு இல்லை, வேடிக்கைக்கு.

பஞ்சர் கடைப் பெரியவர் ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கினார். "மூனு எடத்துலங் தம்பி. ஒட்டுனா நிக்காது, புதுசு போட்டரலாம்." ஸ்பேர் ட்யூபைப் பற்றி வீட்டில் சொன்னது காதில் கேட்டது. அவர் பன்னிரண்டு வருடம் சாயப்பட்டறையில் இருந்தவராம். எங்கே போகிறோம் என்று கேட்டார், சொன்னேன். டயரை நெம்பிக்கொண்டே பேசினார்.

"பருத்தித் துணில சாயம் புடிக்கோணும்னா உப்புப் போடோணுங். மூட்டை மூட்டையாப் போடுவோம். சாயம் துணிக்குப் போயிரும், உப்பு எங்க போகும்? தண்ணியோடதான் போகும். கலரைத்தான் எல்லாருஞ் சொல்லுவாங்க. கலரு கண்ணுக்குத் தெரியுது. காட்டைக் கெடுத்தது உப்புங்."

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றானது. சவ்வூடு வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்க வைத்து உப்பைத் தனியே எடுப்பது வரை இப்போது செய்கிறார்கள். பெரியவர் இருந்த பட்டறை சின்னது, திரும்பத் திறக்கவே இல்லை. "நல்லதுதானுங். ஆனா எனக்கு அன்னிக்கே சோறு போச்சு" என்று பம்பை எடுத்தார். இரண்டும் உண்மை என்கிற மாதிரி, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னார்.

கொடுமணல் போய்ச் சேர மணி மூன்றரை. பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். காடு, வேலா மரம், ஆடு. கொஞ்சம் நின்று பார்த்தால் காட்டுக்குள் கற்கள் வட்டமாக நிற்பது தெரியும். ஈமக்குழிகளின் கல்வட்டங்கள். 1985-லிருந்து பலமுறை இங்கே தோண்டியிருக்கிறார்கள். இரும்பு உருக்கிய உலை, தமிழி எழுத்தில் ஆள் பெயர் கீறிய பானை ஓடுகள், கல்மணி செய்த பட்டறையின் தடயங்கள் கிடைத்தன. பதிற்றுப்பத்து பாடுகிற கொடுமணம் இதுதான். பக்கத்துப் படியூரில் பச்சைக்கல், சிவன்மலைப் பக்கம் நீலக்கல், சென்னிமலைப் பக்கம் இரும்புத்தாது. எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து பட்டை தீட்டி, துளை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மேற்கே கணவாய் வழியாக முசிறித் துறைமுகம், கிழக்கே கரூர். எனக்குப் பிடித்தது என்னவென்றால், துளை பாதியில் நின்ற மணி, உடைந்த மணி எல்லாம் கிடைத்திருக்கிறது. அதாவது ரிஜெக்ட் பீஸ். திருப்பூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

ஆடு மேய்த்த அம்மா ஒருவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பாசி பொறுக்க வந்தீங்களா கண்ணு? மழை பேஞ்சு உழுதாத்தான் மேல வரும். இப்பக் கெடைக்காது" என்றார். இல்லைங்க, ஆத்தைப் பார்க்க வந்தோம் என்றதும் முகம் மாறிவிட்டது. "அதுல என்னத்தப் பாப்பீங்?" அவர் ஆடுகள் ஆற்றுப்பக்கம் இறங்கவே இல்லை, காட்டில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைக் குடித்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பும் இது ஏற்றுமதி ஊர்தான். அவர்கள் விட்டுப்போன கழிவு கல் சில்லு. அதைப் பொறுக்க இன்னும் ஆள் வருகிறது.

பொழுது விழுகிற நேரத்தில் மாமா வீடு. அத்தை நாட்டுக்கோழி அடித்து, அரிசிம்பருப்புச் சோறும் ஆக்கி வைத்திருந்தார். இரண்டும் ஏன் ஒரே வேளைக்கு என்று கேட்கக் கூடாது. ஒரம்பரை வந்தால் அப்படித்தான். பங்காளி மூன்றாவது முறை சோறு வாங்கும்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு

காலை ஐந்தரைக்கு மாமாவே எழுப்பினார். கட்டுத்தரையில் காங்கேயம் மாடு ஒன்று, கன்றோடு. "வாங்க மாப்ள, உங்க தண்ணியக் காட்டறேன்" என்று வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டார்.

ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிந்தது. பல ஆயிரம் ஏக்கர் பாசனம் என்று கணக்கு. இந்தப் பக்கமும் கரூர்ப் பக்கமும் சேர்த்து. மாமாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அணை வருகிறது என்று கடன் வாங்கித் தென்னை வைத்தார். அணை நிறைந்தது. நிறைந்தது திருப்பூரிலிருந்து வந்த சாயத்தண்ணீர். நின்ற தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளெல்லாம் உப்பாகிவிட்டன. தென்னை உடனே சாகவில்லை. காய் சிறுத்தது, பிறகு மட்டை மஞ்சளானது, பிறகு கொண்டை சாய்ந்தது. ஏழெட்டு வருடம் பிடித்தது.

"அணை கட்டுனா தண்ணிய நிறுத்துங்கன்னு கேப்பாங்க மாப்ள. நாங்க எப்பத் தெறந்து உடுவீங்கன்னு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனோம்."

மதகுகள் திறந்தே இருக்கின்றன. நீண்ட மண்கரை, அதன் மேல் ரோடு, உள்ளே தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் சீமைக்கருவேலங்காடு. நடுவில் ஓடை மாதிரி நொய்யல். நேற்று கூடுதுறையில் நான் நின்ற தண்ணீரா இது என்று கேட்டால், இல்லை. அது சித்திரைச்சாவடியிலும் குளங்களிலும் நின்றிருக்கும். இங்கே வருவது ஊர்கள் குளித்து, துவைத்து, கழுவி விட்டது. மதகுக்குக் கீழே தண்ணீர் விழுகிற இடத்தில் நுரை ஆளுயரத்துக்கு நின்றது. ஆடிக்காத்து அதைப் பிய்த்துப் பிய்த்து ரோட்டுக்குக் கொண்டுவந்தது. ஒரு கொத்து பங்காளியின் புல்லட் டாங்கில் வந்து உட்கார்ந்தது. அவன் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமா சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். டிடிஎஸ் மீட்டர், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது. இந்தப் பக்கம் விவசாயிகள் சிலர் செல்போன் மாதிரி இதைக் கையிலேயே வைத்திருக்கிறார்கள். குடிக்கிற தண்ணீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை போகலாம் என்பது தர அளவு. வீட்டுக் கிணற்றில் வைத்தார், நாலு இலக்கம் காட்டியது. "முன்னைக்கு இப்ப எவ்வளவோ கொறஞ்சுருக்குது. மழை நல்லாப் பேஞ்சா இன்னுங் கொறையும்" என்றார். அதனால்தான் போன் செய்கிறாராம். கோவையில் மழை பெய்தால் நுரை வரும், நுரைக்குப் பின்னால் தண்ணீரும் வரும். நான் நினைத்தது போலத் திட்டவே இல்லை மனிதர். மழையா என்று கேட்டது மழையைத்தான்.

எட்டு மணிக்குக் கிளம்பி முத்தூர் ரோட்டைப் பிடித்தோம். இந்த இரண்டு நாளில் வண்டி ஓட்டச் சுகமான ரோடு இதுதான். இருபுறமும் கொறங்காடு. தெரியாதவர்களுக்குத் தரிசு மாதிரி இருக்கும். தரிசு இல்லை. கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப்புல் வளர்த்து, நிழலுக்கு வெள்வேலா மரம் விட்டு, மாடு மேய்வதற்கென்றே வைத்திருக்கிற காடு. ஒரு காட்டில் மேய்ந்து முடித்ததும் படலைத் திறந்து அடுத்த காட்டுக்கு. கிளுவை உயிர்வேலி, கொம்பு ஒடித்து நட்டால் போதும், தலைமுறைக்கு நிற்கும். உப்பாகிப்போன தோட்டத்தில் மாமாவும் இப்போது இதைத்தான் செய்கிறார். தென்னைக்கு முன்னால் அவருடைய அப்புச்சி காலத்தில் அங்கே இருந்ததும் இதேதான்.

கீழ்பவானி வாய்க்கால் வறண்டு கிடந்தது. வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில்தான் தண்ணீர் விடுவார்கள். பவானிசாகரிலிருந்து 124 மைல் வருகிற வாய்க்கால் இந்தப் பக்கத்தில்தான் முடிகிறது. தண்ணீர் ஓடும் மாதங்களில் அதன் கசிவு நொய்யலில் சேர்ந்து உப்பைக் கொஞ்சம் நீர்க்க வைக்கும் என்று மாமா சொல்லியிருந்தார்.

கொடுமுடியில் ஆடிக் கூட்டம். மகுடேசுவரரைப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர் என்பதைப் பங்காளிக்குச் சொல்லிவிட்டு, படித்துறையில் தலையில் மட்டும் தண்ணீர் தெளித்துக்கொண்டு கிளம்பினோம்.

நொய்யல் என்ற ஊரிலிருந்து மண்ரோடு. வாழைத்தோட்டம் தாண்டி, வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். கரையிலிருந்த முள்ளுச்செடிகளில் தலைக்கு மேல் உயரத்தில் கலர் கலராக ஏதோ தொங்கியது. பூ என்று நினைத்தேன். கிட்டே போனால் பனியன் கட்டிங் துணி, நாடா நாடாக. எந்த வெள்ளத்திலோ திருப்பூரிலிருந்து வந்து சிக்கியவை. வெயிலில் செடியே நரைத்திருந்தது, துணியில் சாயம் அப்படியே இருந்தது. உப்புப் போட்டு ஏற்றிய சாயம், சும்மா போகுமா?

காவிரி இங்கே அகலம். மேட்டூர் திறந்திருப்பதால் இரு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் போகிறது. நொய்யல் பக்கவாட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் வந்து சேர்கிறது. கொஞ்ச தூரம் இரண்டு நிறமும் ஒட்டாமல் போகின்றன, பிறகு தெரிவதில்லை. பங்காளி செல்போனை எடுத்துப் படம் பிடித்தான். படத்தில் எல்லாம் ஒரே தண்ணீராகத்தான் விழுந்தது.

பரிசல் கவிழ்த்து வைத்திருந்த நிழலில் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"எங்கிருந்துங்க?"

"கோயமுத்தூருங்க."

தாடையால் சாம்பல் தண்ணீரைக் காட்டினார். "இதும் அங்கிருந்துதான் வருது." வேறொன்றும் கேட்கவில்லை, பின்னலுக்குத் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு 125 கிலோமீட்டர், முழுக்க எதிர்காத்து. வெள்ளகோவில், காங்கேயம் தாண்டி, பல்லடம் நெருங்கும்போது ரோட்டோரக் காத்தாடிகளெல்லாம் எனக்கு எதிராகச் சுற்றுவது மாதிரி இருந்தது. நாற்பத்தைந்துக்கு மேல் வண்டி போகவில்லை. புல்லட் முன்னால் போய் மூன்று இடத்தில் காத்திருந்தது, ஒவ்வொரு இடத்திலும் பங்காளி டீ கிளாஸோடு நின்றான்.

இரவு எட்டரைக்கு ஆத்துப்பாலம். மீட்டரில் இரண்டு நாளுக்கும் சேர்த்து 320 கிலோமீட்டர் சொச்சம். ஹெல்மெட்டைக் கழற்றியதும் காதுக்குள் காத்து இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சர் கதையை முதலில் சொல்லாமல் கூடுதுறையில் தொடங்கி, கொடுமணல், அணை, மாமாவின் மீட்டர், காவிரி என்று சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், தோசைக்கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏனுங்க, ஆத்தைப் பாக்கறதுக்கா முன்னூத்தி இருவது கிலோமீட்டர் போயிட்டு வந்தீங்க? அது நம்ம ஆத்துப்பாலத்துலயே இருக்குதுங்களே?"